சங்கத்தின் கோப்புகள் யார் கையில்? பொதுச் சேமிப்பகத்தைக் கையாளும் முறை

ஆலயம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் என நம் இயக்கங்கள் பலவற்றின் கூட்டக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், கணக்கறிக்கை எல்லாம் இன்று கணினியில்தான் உள்ளன. அவை செயலாளரின் சொந்த மடிக்கணினியில் மட்டும் இருந்தால், செயலவை மாறும்போது கோப்புகளும் அவரோடு போய்விடும். இதற்குத் தீர்வு, அலுவலக ரௌட்டருடன் இணைக்கும் 'நாஸ்' எனப்படும் பொதுச் சேமிப்பகம். சினாலஜி, கியூநேப் ஆகியவை பலரும் பயன்படுத்தும் வகைகள்.

கோப்புறைகளைப் பிரித்தல்

எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட வேண்டாம். கணக்கு, உறுப்பினர், கூட்டக் குறிப்பு, படங்கள் எனத் தனித்தனிப் பகிர்வுக் கோப்புறைகள் அமையுங்கள். யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பகிர்வு வாரியாக முடிவு செய்வது எளிது.

அனுமதி வழங்குதல்

அனுமதி மூன்று வகை: அனுமதி இல்லை, படிக்க மட்டும், படிக்கவும் எழுதவும். ஆளுக்கு ஆள் வழங்காமல், 'பொருளாளர் குழு', 'செயலவை' எனக் குழுக்களை உருவாக்கிக் குழுவுக்கே வழங்குங்கள். கணக்குக் கோப்புறையில் பொருளாளர் குழு எழுதலாம். செயலவை படித்தால் போதும். அடையாள அட்டை எண்கள் உள்ள உறுப்பினர் பட்டியலைத் தேவையானவருக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒன்றில் 'அனுமதி இல்லை' என்றிருந்தால் அதுவே வெல்லும். 'எனக்கு மட்டும் திறக்கவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இடம் மாற்றுதல்

ஒரே பகிர்வுக்குள் கோப்பை நகர்த்தினால் நொடியில் முடியும். வேறு பகிர்வுக்கு நகர்த்தும்போது, பெரும்பாலும் முதலில் நகல் எடுக்கப்பட்டு, பிறகுதான் பழையது அழிக்கப்படும். இடையில் வைஃபை துண்டித்தால் பாதி இங்கும் பாதி அங்கும் நிற்கும். ஆகவே:

1. மற்றவர்கள் கோப்பைத் திறந்து வைத்திராத நேரத்தில் தொடங்குங்கள்.
2. 'நகர்த்து' வேண்டாம், 'நகலெடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருக்கின்றனவா எனப் பாருங்கள். சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.
4. புதிய இடத்தில் யாருக்கு அனுமதி உள்ளது எனச் சோதியுங்கள்.
5. அதன்பின் பழையதை அழியுங்கள்.

சேமிப்பகத்திலேயே உள்ள 'ஃபைல் ஸ்டேஷன்' வழியாகச் செய்தால் தரவு உங்கள் கணினிக்கு வந்து திரும்பாது. வேலை விரைவாக முடியும். விண்டோஸின் 'ரோபோகாப்பி' கட்டளை, ஏற்கெனவே நகலான கோப்புகளை விட்டுவிட்டு மீதியைத் தொடரும். ஆனால் அதில் 'மிர்' என்ற தெரிவைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாதவை சேருமிடத்திலும் அழிந்துவிடும். கவனம்.

தமிழில் பெயர் வைத்தல்

தாராளமாக வைக்கலாம், ஆனால் சுருக்கமாக. இச்சாதனங்களில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட் வரைதான் இடமுண்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். புள்ளியும் துணைக்குறிகளும் தனிக் குறியீடுகளே. 'கணக்கு' என்ற 4 எழுத்துச் சொல் 6 குறியீடுகள், அதாவது 18 பைட். பெயரில் 85 குறியீடுகளைத் தாண்டினால் நகலெடுப்பு பிழை காட்டி நிற்கும்.

செயலவை மாறும்போது

விலகுபவரின் கணக்கை உடனே முடக்குங்கள். புதியவரைக் குழுவில் சேர்த்தால் போதும். அனுமதிகள் தாமாக வந்துவிடும். நிர்வாகிக் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. செயலவையில் இருவருக்குத் தனித்தனி நிர்வாகிக் கணக்கு இருக்கட்டும்.

பாதுகாப்பு

2021 ஏப்ரலில் 'கியூலாக்கர்' என்ற தீநிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநேப் சாதனங்களின் கோப்புகளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிப் பணம் கேட்டது. ஆகவே சேமிப்பகத்தை ரௌட்டர் வழியே நேரடியாக இணையத்துக்குத் திறக்காதீர்கள். மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் இருப்பது வட்டுப் பழுதுக்கு மட்டுமே காப்பு. தவறுதலாக அழித்தாலும், திருடு போனாலும், வெள்ளம் புகுந்தாலும் அது உதவாது. மாதம் ஒருமுறை வெளிவட்டில் நகலெடுத்து, இணைப்பைக் கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள். அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததே.