விண்மீன் முதல் செய்மதி வரை: இலங்கை வான்வழி வரலாறு தரும் படிப்பினை

வழி அறிந்து செல்லுதல் மனித நாகரிகத்தின் பழம்பெருங் கலைகளுள் ஒன்றாகும். கடலிலும் வானிலும் பாதை என ஒன்று கண்ணுக்குப் புலனாவதில்லை. தான் இருக்குமிடம் யாது என்பதைச் செல்வோன் கணந்தோறும் தானே நிறுவிக் கொள்ளல் வேண்டும். இன்று அப்பணியை விமானி பெரும்பாலும் செய்மதியிடம் ஒப்படைத்துள்ளான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காண்டல் அரிது. கட்டுநாயக்காவில் அவர்களை வழியனுப்பியும் வரவேற்றும் நிற்கும் நமக்கு, செய்மதியின் சமிக்ஞை இடைவழியில் அற்றுப் போமாயின் நிகழ்வது யாது என்னும் வினா வெறும் ஏட்டு வினா அன்று. அதற்குரிய விடையின் ஒரு பகுதி நம் நாட்டு வரலாற்றிலேயே கிடைக்கின்றது என்பதைக் காட்ட இக்கட்டுரை முயல்கின்றது.

வெள்ளவத்தைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள இரத்மலானையில் 1935 ஆம் ஆண்டு நவம்பரில் முதல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பர் 10 ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் அங்கிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இவ்வழி கரையையும் நிலத்தையும் அடையாளமாகக் கொண்டு செல்லத்தக்க குறுகிய வழியேயாகும். நிலமே தென்படாத பெருங்கடலைக் கடப்பதில்தான் வழியறி கலையின் உண்மையான சோதனை அமைந்திருந்தது. அச்சோதனையும் இலங்கையை ஒரு முனையாகக் கொண்டே நடைபெற்றது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தியாகும்.

இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழித் தொடர்பு அறுபட்டது. அதனை மீட்கும்பொருட்டு, 1943 முதல் 1945 வரை, பேர்த் நகருக்கும் தென்னிலங்கையின் கொக்கலை வாவிக்கும் இடையே குவான்ரஸ் நிறுவனம் கற்றலினா என்னும் நீர்விமானங்களைச் செலுத்தியது. இடையில் தரிப்பிடம் எதுவுமில்லை. பயண நேரம் 27 மணி முதல் 33 மணி வரை நீண்டது. பயணிகள் வானில் இருமுறை சூரியோதயத்தைக் கண்டமையால் 'இரட்டைச் சூரியோதயப் பயணம்' எனும் பெயர் வழங்கலாயிற்று. எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளையும் 69 கிலோகிராம் தபாலையுமே ஏற்ற முடிந்தது. யப்பானியர் கண்காணித்த வான்பரப்பைக் கடக்க வேண்டியிருந்தமையால் வானொலி மௌனம் காக்கப்பட்டது. எனவே வழிகாட்டி விண்மீன்களையும் திசைகாட்டியையும் மணிக்கூட்டையும் நம்பியே கணக்கிட்டான். அந்த ஐந்து விமானங்களுக்கும் அல்ரேர், வேகா, றைஜெல், அன்ராறிஸ், ஸ்பைக்கா என விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டன. 271 கடப்புகள் இவ்வாறு நிறைவேறின.

அடுத்த தலைமுறையில் கருவிகள் பெருகின. கருவியைத் தனித்து நம்புவதன் விபரீதத்தை இலங்கை கண்ணீரோடு கற்றதும் அக்காலத்திலேயே. 1974 டிசம்பர் 4 ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றி வந்த மாட்டின்எயார் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு ஆயத்தமாகியது. 2,000 அடி வரை தாழ்வதற்கு அனுமதியும் கிடைத்தது. விமான நிலையம் அண்மித்துவிட்டதென விமானிகள் எண்ணினர். உண்மையிலோ அவர்கள் மலைநாட்டின் மேலேயே இருந்தனர். மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில், 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் விமானம் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். தோட்டத் தொழிலாளரான நம் மலையகத் தமிழ் மக்கள் வாழும் சூழலில், எவரும் எதிர்பாராவண்ணம் இத்துயர் வந்து வீழ்ந்தது.

விசாரணையின் முடிவு நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. விமானம் இருக்குமிடத்தைப் பிழையாக அடையாளம் கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே தாழ்த்தியதே விபத்துக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் சார்ந்திருந்தமை இப்பிழைக்கு இடமளித்ததெனவும் கூறப்பட்டது. டொப்ளர் கருவி விமானத்தின் வேகத்தையும் விலகலையும் அளந்து, முந்திய நிலையிலிருந்து இன்றைய நிலையைக் கணிப்பது. தொடக்கத்தில் நேரும் சிறு பிழை தூரம் செல்லச் செல்லப் பெருகும். அவ்வப்போது வேறொரு சான்றைக் கொண்டு ஒப்பு நோக்கினாலன்றி அப்பிழை வெளிப்படாது.

நான்கு ஆண்டுகள் கழிந்து, 1978 நவம்பர் 15 ஆம் நாள், ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டி.சி.-8 விமானம் கட்டுநாயக்காவை அண்மித்த தென்னந்தோட்டத்தில் வீழ்ந்து 183 பேர் இறந்தனர். விமானிகள் உரிய நடைமுறையைக் கைக்கொள்ளவில்லை என்றது இலங்கைத் தரப்பு. நிலையத்தின் தரையிறக்கக் கருவியும் கட்டுப்பாட்டாளருமே காரணம் என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. குற்றம் எவருடையதாயினும் ஆகுக. கருவி காட்டுவது மெய்தானா என்பதை உடனிருந்து சரிபார்க்க இரண்டாவது சான்று வேண்டும் என்னும் உண்மை மாறுவதில்லை.

ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1 ஆம் நாள், அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்திலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதன் பின்னரே, தரையை நெருங்கும்போது எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் பொருத்துமாறு அந்நாடு கட்டளையிட்டது. தொடக்கத்தில் அக்கருவி கீழ்நோக்கி மட்டுமே அளந்தது. எதிரே செங்குத்தாக நிற்கும் மலையை அது காலம் கடந்தே உணரும். 1990 களில் உலகின் நிலப்பரப்பு முழுவதையும் நினைவிற் கொண்டு, முன்னே வரும் மலையையும் அறிவிக்கும் புதிய கருவி தோன்றியது. எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆனால் மலை எங்கே என்பதை அறிந்த அக்கருவி, விமானம் எங்கே என்பதைச் செய்மதியிடமே கேட்டறிகின்றது.

செய்மதி வழிகாட்டல் பொதுமக்களுக்கு வந்த வரலாறும் ஒரு துயரத்தோடு பிணைந்ததே. 1983 செப்டெம்பர் 1 ஆம் நாள் வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அம்மாதமே அமெரிக்க சனாதிபதி றேகன், தம் நாட்டுப் படையின் செய்மதி முறைமை நிறைவெய்தியதும் குடிசார் விமானங்களுக்கும் வழங்கப்படும் என அறிவித்தார். 1995 இல் அது முழுமை பெற்றது. 2000 ஆம் ஆண்டு மே மாதம், அதன் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாடும் நீக்கப்பட்டது.

எனினும் 20,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வரும் அச்சமிக்ஞை மிக மெலிந்தது. தரையிலுள்ள வலிய ஒலிபரப்பி அதனை அமிழ்த்திவிடலாம். இதனினும் கொடியது போலிச் சமிக்ஞை. அமிழ்த்தப்படின் கருவி ஊமையாகும், விமானியும் அதனை உடனே அறிவான். போலி வந்தால் கருவி பேசிக்கொண்டே பொய் சொல்லும். 2024 இல் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான சேவையைப் பின்லாந்து விமான நிறுவனம் ஒரு மாத காலம் நிறுத்த நேர்ந்தது. செய்மதி வேண்டாத இறங்குமுறை அங்கே அப்போது இருக்கவில்லை. 2025 நவம்பரில் டில்லி விமான நிலையத்தை அணுகிய சில விமானங்களும் போலிச் சமிக்ஞையை எதிர்கொண்டன. தரையில் அமைந்த மரபுவழிக் கருவிகள் அங்கே இருந்தமையால் மாற்று நடைமுறை கைகொடுத்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குவோர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

போலிச் சமிக்ஞை இன்னொரு தீங்கையும் விளைக்கின்றது. வெறும் கடலின் மேலே பறக்கும்போதும் நிலம் எதிரே உள்ளதென எச்சரிக்கைக் கருவி கூவும். பொய்யாகப் பலமுறை கூவிய கருவியை விமானி நம்பாது விடுவான், அல்லது அதனை அடக்கி வைப்பான். பின்னர் மெய்யான மலை எதிர்ப்படும்போது, 1974 ஆம் ஆண்டு இரவில் இருந்த நிலைக்கே அவன் மீள்கின்றான்.

இவற்றால் செய்மதியைக் கைவிடல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. அது தந்த பாதுகாப்பை மறுப்பது நன்றி மறத்தலாகும். விமானத்தினுள்ளேயே இயங்கும் சடத்துவ வழிகாட்டியும் தரையிலுள்ள வானொலிக் கலங்கரைகளும் இன்றும் உள. எனினும் அமெரிக்கா போன்ற நாடுகள் அக்கலங்கரைகளின் தொகையைச் செலவு கருதிக் குறைத்து வருகின்றன. பயன்படுத்தாத திறனும் மெல்லத் தேயும் இயல்பினது.

கொழும்புக் கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரமாகவும் கலங்கரை விளக்கமாகவும் விளங்கிய பழைய கட்டடத்தை நாம் அறிவோம். சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் அதன் ஒளியை மறைத்தமையால் 1952 இல் அவ்விளக்கு ஓய்வு பெற்றது. அதன் பணியை ஏற்கக் கடலோரத்தில் புதிய கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டது. கடலில் வருவோனை ஓர் இரவேனும் இருளில் விடலாகாது என்பதே துறைமுகம் காப்போரின் அறம். வானில் வருவோனுக்கும் அவ்வறமே உரியது. கொக்கலைக்கு வந்த வழிகாட்டி ஒரு விண்மீனை மட்டும் நோக்கித் தன் இடத்தைத் துணிந்தவன் அல்லன். ஒன்றை மற்றொன்றால் சரிபார்த்தே அவன் கரை கண்டான். நம் உறவினரை ஏற்றி வரும் விமானத்துக்கும் அத்தகைய இரண்டாவது சான்று என்றும் இருத்தல் வேண்டும்.