பார்க்கலாம், வரையக்கூடாது

கலை வரலாறு என்றதும், வசதியான வீட்டுப் பெண்கள் கல்யாணம் ஆகும்வரை படிக்கிற படிப்பு என்றொரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அது முழுப்பொய் இல்லைதான். ஆனால் அதே வகுப்பறைக்குள்ளிருந்து அந்தத் துறையையே ஆட்டிவைத்த கேள்வி கிளம்பியதே, அது எப்படி என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவின் வாஸர் கல்லூரியை முன்வைத்து இதைப் பேசலாம்.

நியூயார்க் மாநிலத்தில் பொக்கிப்ஸி என்கிற ஊரில் பீர் காய்ச்சி விற்றுப் பணம் சேர்த்த மாத்யூ வாஸர், 1861இல் பெண்களுக்காக நிறுவிய கல்லூரி அது. வகுப்புகள் தொடங்கியது 1865இல். அதற்கு முந்தின வருஷமே மகூன் என்கிற பாதிரியாரின் ஓவியச் சேகரிப்பை மொத்தமாக விலைக்கு வாங்கியாகிவிட்டது. மாணவி அசல் படத்தின் முன்னால் நின்று படிக்கலாம். நல்ல ஏற்பாடு. யாருக்கும் இதில் ஆட்சேபம் இருந்திருக்காது. ரசிக்கத் தெரிந்த பெண்ணால் எந்தக் குடும்பத்துக்கும் தொந்தரவு இல்லையே!

லிண்டா நாக்லின் இங்கே தத்துவம் படித்து 1951இல் பட்டம் பெற்றவர். பிறகு இங்கேயே கலை வரலாறு கற்பிக்க வந்தார். 1969இல் கல்லூரி ஆண்களையும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது. 1970இல் நாக்லின், பெண்களும் கலையும் என்று ஒரு ஆய்வு வகுப்பு நடத்தினார். நிர்வாண உருவம், பாலியல் தொழிலாளி, இல்லற இன்பம் — ஓவியங்களில் பெண் என்னவாக ஆக்கப்பட்டிருக்கிறாள் என்று மாணவிகள் தேடப் போனார்கள். பாடப்புத்தகம் என்று ஒன்றும் கிடையாது. அதே வருஷம் பட்டமளிப்பு நாளில் ரிச்சர்ட் ஃபைகன் என்கிற ஓவிய வியாபாரி, மகத்தான பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்று அவரிடம் கேட்டுவைத்தார். 1971 ஜனவரியில் அந்தக் கேள்வியே கட்டுரைத் தலைப்பாயிற்று.

மறக்கப்பட்ட நாலு பெண் மேதைகளைத் தோண்டியெடுத்துப் பதில் சொல்லியிருக்கலாம். நாக்லின் அப்படிச் செய்யவில்லை. மேதை என்கிற கட்டுக்கதையைத் தள்ளிவிட்டு, நிறுவனங்களைக் காட்டினார். லண்டன் ராயல் அகாதமியில் 1893 வரை பெண்களுக்கு நிர்வாண மாடலை வைத்து வரைய அனுமதி இல்லை. அதற்கப்புறமும் மாடல் பாதியாவது மூடியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மனித உடம்பை வரையத் தெரியாமல் பெரிய ஓவியம் ஏது? கலை வரலாறு படித்த பெண், நிர்வாண ஓவியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். தூரிகை எடுத்த பெண் அந்த அறைக்குள் நுழைய முடியாது.

சரி, இந்த அளவுகோலைக் கல்லூரி வாசலிலும் வைத்துப் பார்க்க வேண்டாமா? அனிதா ஹெமிங்ஸ் கறுப்பினப் பெண். வெள்ளைக்காரி என்று சொல்லித்தான் உள்ளே போனார். அறைத்தோழியின் அப்பா துப்பறிகிறவரை வைத்து, பட்டம் வாங்கும் தறுவாயில் கண்டுபிடித்துவிட்டார். 1897இல் பட்டம் கொடுத்தார்கள், வாசலைத் திறக்கவில்லை. அவருடைய மகளும் அதே கல்லூரியில், அதே மாதிரி வெள்ளைக்காரியாகத்தான் படித்து 1927இல் வெளியே வந்தார். கறுப்பினப் பெண் ஒருத்தி தான் யாரென்று மறைக்காமல் உள்ளே போக 1940 ஆயிற்று.