தரங்கம்பாடித் தேளி முதல் மரபணுத் தரவகம் வரை: கொள்ளிட வடகரை மீன்களின் அடையாள வரலாறு

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட அரியலூர், பெரம்பலூர் நிலப்பகுதியை உலகப் புவியியலாளர்கள் புதைபடிவங்களுக்காக அறிவார்கள். இங்கே உயிரோடு நீந்தும் மீன்களுக்கு அந்த அளவு கவனம் கிடைத்ததில்லை. மருதையாறு, முதலாம் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் பெறும் கரைவெட்டி ஏரி ஆகியவை விராலும் குரவையும் தேளியும் அயிரையும் வாழத்தக்க நீர்நிலைகள். பறவைகளுக்குப் பேர்பெற்ற கரைவெட்டி 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பறவைகளில் பலவற்றுக்கு இரையாகும் மீன்களை அடையாளப்படுத்தும் முயற்சியின் வரலாறு, அண்டையிலுள்ள தரங்கம்பாடியிலேயே தொடங்குகிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் இருந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கரை மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மார்கஸ் எலியேசர் பிளாக்குக்கு அனுப்பினார். தேளிக்கு 1794இல் பிளாக் அறிவியல் பெயர் சூட்டியது தரங்கம்பாடி மீனை வைத்துத்தான். அவருக்குப் பின் ஹாமில்டன் (1822) கங்கை மீன்களை விவரித்தார். மதராஸ் மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே 1875-78இல் இந்திய மீன்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். துடுப்பு முட்கள், செதில் வரிசை, உடல் அளவு ஆகியவையே இவர்கள் கையில் இருந்த அளவுகோல்கள். குஞ்சுகளையும், ஒன்றுபோலத் தோன்றும் இனங்களையும் பிரித்தறிய அவை போதவில்லை.

2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட், மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிஓஐ மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துத் துண்டை விலங்கினங்களின் அடையாளக் குறியீடாக்கலாம் என்று முன்மொழிந்தார். 2005இல் ஆஸ்திரேலியாவின் 207 மீனினங்களில் இம்முறை சோதிக்கப்பட்டது. சான்றுமாதிரி இருக்கும் இடம், படம், பிடித்த ஊர் ஆகியவற்றை மரபணு வரிசையோடு பிணைத்து வைக்கும் ‘போல்ட்’ தரவகம் 2007இல் விரிவாக அறிமுகமானது. 1982 முதல் இயங்கும் ஜென்பேங்க் இதைவிடப் பெரியது. ஆனால் அதில் மீனின் பெயர், பதிவேற்றியவர் சொன்ன பெயர்தான்.

இங்கேதான் சிக்கல். இந்தியாவின் நடக்கும் கெளுத்தியை நெடுங்காலம் ‘கிளாரியஸ் பட்ராக்கஸ்’ என்றே எழுதிவந்தோம். அப்பெயர் ஜாவா மீனுக்கு உரியது என்று 2008இல் மீனியல் ஆய்வாளர்கள் இங், கோட்டலாட் இருவரும் தெளிவுபடுத்தினார்கள். வட இந்திய மீன் ‘கிளாரியஸ் மாகுர்’. பழைய பெயரில் பதிவான இந்திய வரிசைகளோ தரவகத்தில் தங்கிவிட்டன. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏரிக்குள் வந்துவிட்டதா என்று மரபணுவைக் கொண்டு கண்டறிய முற்படுவோர், ஒப்பிடும் பதிவின் பெயரை முதலில் ஐயுற வேண்டும்.

பெயர் சரியானால் என்ன கிடைக்கும் என்பதற்குக் காவிரியே சான்று. தூண்டில்காரர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கொண்டாடிய கூன்முதுகு மாசீர் மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லாமல் இருந்தது. அதனால் அருகிவரும் உயிரினங்களின் செம்பட்டியலிலும் அதற்கு இடமில்லாமல் இருந்தது. காவிரிப் படுகையின் மாயாற்றில் பிடித்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வு, அது 2011இல் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட ‘டோர் ரமாதேவி’யே என்று 2018இல் நிறுவியது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன் அக்குழுவில் ஒருவர். அதே ஆண்டில் அம்மீன், மிக அருகிய இனமாகச் செம்பட்டியலில் ஏறியது.

இன்று ஏரி நீரை வடிகட்டி, அதில் கலந்திருக்கும் மரபணுவைக் கொண்டே மீன்களைப் பட்டியலிடலாம். ஜப்பானின் மசாகி மியா குழு 2015இல் வெளியிட்ட முறை 12எஸ் என்னும் வேறொரு மரபணுவின் சிறு துண்டைப் படிக்கிறது. ஆகவே சிஓஐ பதிவு மட்டும் உள்ள மீனை இம்முறையால் பெயர் சொல்லி அழைக்க முடியாது. உள்ளூர் மீனிலிருந்து இரண்டு வரிசைகளும் எடுக்கப்பட வேண்டும். வேறு மாநிலத்துத் தேளியின் வரிசையை நம் ஏரிக்கு இரவல் வாங்குவது தற்காலிக ஏற்பாடுதான். தரங்கம்பாடித் தேளிக்கு நிகரான ஒப்பீட்டு மரபணுவைக் காவிரிக் கழிமுகத்திலும் அதையொட்டிய நீர்நிலைகளிலும் தேடுவதே முறை.

அருங்காட்சியகப் புட்டிகள் இதற்கு அதிகம் உதவா. ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கிறது. எனவே அரியலூர், பெரம்பலூர் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஏரி மீன்பிடிப்பின்போது வலைக்காரர்களோடு நில்லுங்கள். மீனை உயிர்நிறம் மாறுமுன் படமெடுங்கள். துடுப்புத் துண்டை எத்தனாலில் இட்டபின் உடலை ஃபார்மலினில் வையுங்கள். ஏரியின் பெயரையும் வலைக்காரர்கள் சொல்லும் மீன்பெயரையும் குறியுங்கள். சான்றுமாதிரியைச் சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற பொதுத் தொகுப்பில் ஒப்படைத்த பிறகே மரபணு வரிசையைத் தரவகத்தில் ஏற்றுங்கள்.