வாழ்ந்தார்களா, வாழ்ந்து வருகிறார்களா?

ஆங்கிலத்தின் சிம்பிள் பாஸ்ட், பிரசென்ட் பெர்ஃபெக்ட் இரண்டையும் 'வந்தேன்', 'வந்திருக்கிறேன்' என்று நம் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். அது பாதிதான் சரி. 'அவன் நேற்றே வந்திருக்கிறான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். தடயம் கண்டு ஊகிக்கும்போது அப்படித்தான் பேசுவோம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேஸ் கம்' நிற்காது, 'கேம்'தான். முடிந்த காலத்தைச் சுட்டினால் சிம்பிள் பாஸ்ட். இன்றுவரை தொடர்வதைச் சொன்னால் பிரசென்ட் பெர்ஃபெக்ட். நீலகிரியில் நிலம் யாருக்கு என்ற இருநூறு ஆண்டு வழக்கும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நடந்துவருகிறது என்பது என் வாதம்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் ஊட்டியில் ஸ்டோன்ஹவுஸ் என்ற வீட்டைக் கட்டத் தொடங்கியபோது, அந்த இடம் தோடர்களின் மேய்ச்சல் நிலம். நிலம் தோடர்களுடையது, எடுத்தால் ஈடு தர வேண்டும் என்றார் சல்லிவன். 1827இல் சென்னை கவர்னராக வந்த லஷிங்டன் அதை ஏற்கவில்லை. தோடர் எருமைகள் அங்கே மேய்ந்ததை யாரும் மறுக்கவில்லை. மேய்ந்தன என்பதோடு கதை முடிகிறதா, அந்த மேய்ச்சலே இன்றும் செல்லும் உரிமையா என்பதுதான் தகராறு. கடைசியில் அரசு தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமையை ஒப்புக்கொண்டது, உடைமையை ஒப்புக்கொள்ளவில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இந்த இலக்கணம் எழுத்திலேயே இருக்கிறது. பழங்குடியினரைச் சொல்லும்போது அது நிகழ்காலத்தில் 'ரிசைட்' என்கிறது. காட்டை நம்பி வாழும் மற்றவர்களுக்கு 'ஹேஸ் ரிசைடட்': 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, குடியிருந்திருக்க வேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பேரில் இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கு எட்டவே எட்டாது. அவர்கள் 'வந்தவர்கள்'. இது நியாயமான அளவுகோல் என்று நான் நினைக்கவில்லை.

பட்டாவைத் தீர்மானிப்பது ஆவணமும் அதிகாரமும்தான், வினைச்சொல்லா தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். அதிகாரத்தின் எடையை நான் குறைத்துச் சொல்லவில்லை, சல்லிவனே தோற்றார். ஆனால் ஆவணமில்லாதவருக்கு ஊர் மூத்தோரின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது இந்தச் சட்டத்தின் விதி. 'நாங்க அப்பவே இங்கதான் இருந்தோம்' என்கிறார் பாட்டி. அவர் அந்த இடத்தை விட்டு எங்கும் போகவில்லை. கேட்பவருக்கும் அது தெரியும். உயர் நீதிமன்றத்துக்காக அது 'வி லிவ்ட் ஹியர்' என்று ஆங்கிலமானால், படிப்பவருக்கு அவர்கள் என்றோ காலிசெய்து போனவர்கள். 'வி ஹேவ் லிவ்ட் ஹியர்' என்றால்தான் பாட்டி சொன்னது போய்ச் சேரும். மலை மக்களுக்காக ஆங்கிலத்தில் மனு எழுதும் வழக்கறிஞர்களும் தொண்டு நிறுவனத்தினரும் கையெழுத்து வாங்குமுன், இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டு, அதற்கேற்ற வினையை எழுத வேண்டும்.