மோதிலியானியின் நீண்ட முகங்கள்

அமெதியோ மோதிலியானியின் உருவச்சித்திரங்களை முதன்முறை காண்கையில் எல்லாம் ஒரே முகம்தானோ என்ற ஐயம் நமக்கு எழுகிறது. நீண்ட கழுத்து, ஒருபுறம் சாய்ந்த முட்டைவடிவத் தலை, ஒரே கோட்டில் இறங்கும் மூக்கு, கருமணியற்ற கண்கள். இவற்றுக்கெல்லாம் அவரது குடியையும் போதையையும் வறுமையையும் காரணம் காட்டுவோர் உண்டு. அக்கதையைச் சற்றே ஒதுக்கிவிட்டு அவருடைய கைகளின் வரலாற்றை நாம் பார்க்கலாம்.

1884இல் இத்தாலியின் லிவோர்னோவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த மோதிலியானி, 1906இல் பாரிஸ் வந்தார். 1909 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் சிற்பியாக வாழவே முயன்றார். ருமேனியச் சிற்பி பிரான்குசியின் நட்பு அதற்குத் துணையாயிற்று. களிமண்ணில் வனைந்து வார்ப்பதை விடுத்துச் சுண்ணாம்புக்கல்லை நேரடியாகச் செதுக்கினார். ஆப்பிரிக்க முகமூடிகளும் எகிப்தியச் சிலைகளும் அவரை ஆட்கொண்டிருந்தன. 1910-11இல் பாரிஸில் அவருடன் பழகிய ருஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா, லூவரின் எகிப்தியப் பகுதிக்கு அவர் தம்மை அழைத்துச்சென்றதை நினைவுகூர்கிறார். அக்மதோவாவின் கணக்குப்படி அவருக்கு மோதிலியானி வரைந்தளித்த கோட்டோவியங்கள் 16. கடைசிவரை எஞ்சியது ஒன்றே. மோதிலியானியின் கல்தலைகள் 1912இல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் இடம்பெற்றன.

காசநோய் கண்ட நுரையீரல் கல்தூசியைத் தாங்கவில்லை. கல்லுக்குப் பணமில்லை. 1914இல் போரும் வந்தது. உளியை விட்டுத் தூரிகைக்குத் திரும்பினார். கை கல்லை மறக்கவில்லை. தூணெனக் கழுத்து, செதுக்கிய விளிம்பாக மூக்கு, சிலைக்குரிய வெற்றுக் கண் என, சிற்பம் துணியில் தொடர்ந்தது.

அப்படியெனில் மனிதர்கள் எங்கே? ஓவியர் சூத்தீனின் தடித்த உதடுகளையும் அகன்ற மூக்கையும் அந்த அச்சு அழித்துவிடவில்லை. ஓவியர் சுர்வாழின் 1918ஆம் ஆண்டுச் சித்திரத்தில் ஒரு கண்ணுக்கு மணி உண்டு, மற்றதற்கு இல்லை. வெறுமை கைத்தவறன்று, தேர்வு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவான அச்சை வைத்த பிறகு, அதிலிருந்து ஒருவர் எங்கே விலகுகிறாரோ அங்கேதான் அவரை நாம் அடையாளம் காண்கிறோம்.

1920 ஜனவரி 24 அன்று, 35 வயதில் மோதிலியானி மறைந்தார். நிறைசூலியான துணைவி ழான் எபுதேர்ன் ஓரிரு நாளில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரம் பெருங்கதையாகி ஓவியங்களை மறைத்தது. 2015இல் அவருடைய ஓவியமொன்று 17 கோடி டாலருக்கு மேல் விலைபோனபோது விலையும் அக்கதையோடு சேர்ந்துகொண்டது. இரண்டையும் விலக்கிவிட்டுப் பார்த்தால், கல்லை இழந்த ஒரு சிற்பி தன் நண்பர்களின் முகங்களில் அதைத் தேடிக்கொண்டிருப்பதை நாம் காணலாம்.