‘அன்று’ என்ற குரலும் அவைப் பதிவும்: மானூர்க் கல்வெட்டிலிருந்து மலையூர்க் கிராமசபை வரை

முன்னுரை

ஊராட்சி அலுவலகங்களின் தீர்மானப் பதிவேடுகளைப் புரட்டுவோர் கண்ணில் மிகுதியாகப் படும் தொடர் ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்பதாகும். கூட்டத்தில் இருவர் எழுந்து மறுத்திருக்கலாம்; ஒருவர் பாதியிலேயே வெளியேறியிருக்கலாம்; பதிவேட்டில் அதற்கு இடமிருப்பதில்லை. போடிநாயக்கனூருக்கு மேற்கே, போடிமெட்டை அடுத்த ஏலமலைச் சரிவுகளிலும் கொட்டகுடி, குரங்கணிப் பக்கத்து மலைகளிலும் முதுவர் உள்ளிட்டோர் வாழ்கின்றனர். இத்தகைய வனம்சார் மக்களுக்கு இது வெறும் நடைக்குறை அன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, நில உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று, சரிபார்த்து, தீர்மானம் இயற்றி மேலனுப்பும் பொறுப்பு கிராமசபையைச் சார்ந்தது. கோரிக்கையாளர் கையிலுள்ள முதன்மையான சான்றுகளுள் ஒன்று அத்தீர்மானத்தின் எழுத்து வடிவம்.

கூட்டத்தின் முடிவை எழுதிவைக்கும் வழக்கம் தமிழ் நிலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. சபைக் கல்வெட்டுகளைத் தன்னாட்சியின் சான்றுகளாகப் போற்றியோர் பலர். அவற்றைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளாகவே படித்து, மறுப்புக் குரல் அவற்றில் என்ன ஆயிற்று எனக் கேட்கிறது இக்கட்டுரை.

மானூர்ச் சபையின் விதி

திருநெல்வேலியை அடுத்த மானூரிலுள்ள பாண்டியர் கல்வெட்டு, மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.பி. 800 எனக் கொள்ளப்படுகிறது. களக்குடி நாட்டுப் பிரமதேயமான மானநிலைநல்லூர்ச் சபையார் கூடிச் செய்துகொண்ட ஒழுங்கு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. மன்றத்தில் பங்கேற்கத் தக்கவர் யார் என்பதே அதன் முதற்பொருள். ஊரில் நிலப்பங்கு உடையோரின் மக்களுள் ஒரு பங்கிற்கு ஒருவரே மன்றாடலாம். அவரும் நல்லொழுக்கமும் வேதக் கல்வியும் தருமநூல் பயிற்சியும் உடையவராதல் வேண்டும். விலைக்கோ கொடையாகவோ சீதனமாகவோ பங்கு பெற்றோர்க்கும் கல்வித் தகுதி வேண்டப்பட்டது. கால், அரை, முக்கால் என அவையுரிமையைக் கூறுபோட்டு நுழைவதும் விலக்கப்பட்டது. முழு உரிமை இல்லாதார் வாரியங்களில் இடம்பெற இயலாது.

இவற்றின் பின் வருவதே நம் ஆய்வுக்குரிய விதி. தகுதிகள் அனைத்தும் பெற்று அவைக்குள் வந்தவர், கொண்டுவரப்படும் பொருள் ஒவ்வொன்றையும் ‘அன்று’ எனச் சொல்லித் தடுத்தல் கூடாது. தடுப்பவரும் அவருக்குத் துணைநிற்பவரும், அவ்வாறு தடுத்த பொருள் ஒவ்வொன்றிற்கும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும். இறுத்த பின்னும் அதே ஒழுங்கிற்கு உட்பட்டிருக்க வேண்டும்.

இதனைக் கூட்ட ஒழுங்கின் முன்னோடி விதி எனப் பாராட்டிவிட்டு நகர்வது எளிது. சொற்களில் சற்றே நின்று பார்க்க வேண்டும். இன்றைய வாசகர்க்கு ‘அன்று’ என்றவுடன் முன்னொரு நாள் என்னும் பொருளே முந்தித் தோன்றும். இங்குள்ளது எதிர்மறைக் குறிப்பு வினைமுற்று, அஃறிணை ஒருமைக்குரியது. அவையில் ஒருவர் ‘அன்று’ என்னும்போது தன் விருப்பின்மையைச் சொல்லவில்லை. ‘மாட்டேன்’ என்பதும் ‘ஒப்பேன்’ என்பதும் வேறு. முன்வைக்கப்பட்ட பொருள் அத்தன்மையது அன்று என, பொருளின் மீது தீர்ப்புரைக்கிறார். ஆகவே, சபை ஒறுக்கக் கருதியது ஒரு பொருளைப் பற்றிய மறுப்பை அன்று. எப்பொருளையும் ஆராயாமல் ஒரே விடையைச் சொல்லும் பழக்கத்தையே எனலாம். இத்தடுப்பைக் குறிக்கக் கல்வெட்டு ஆளும் சொல் ‘குத்துக்கால்’. கூரையைத் தாங்க நிமிர்த்தி நிறுத்தும் முட்டுக்கும் இதே பெயர் உண்டு. தாங்கும் கால் வழியை மறிக்கும் காலாகவும் ஆகலாம் என்பதைப் பேச்சு வழக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறது போலும்.

ஆனால், ஒருவர் மறுப்பது ஆராய்ந்தா, பழக்கத்தாலா எனத் தீர்மானிப்பவர் யார்? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. தண்டம் விதிப்பது சபை. சபை என்பது நடைமுறையில் அன்றைய பெரும்பான்மை. துணைநிற்பவர்க்கும் தண்டம் உண்டு என்பதால், ஓர் எதிர்ப்பாளர்க்கு ஆதரவாகப் பேச எழுபவரும் தம் காசுப்பையை நினைத்துக்கொண்டே எழுந்திருக்க வேண்டும். எதிர்ப்பாளரை அவையை விட்டு நீக்கவில்லை என்பதும் உண்மையே. அதனை விதியின் மென்மையாகக் கொள்ள இடமுண்டு. எனினும், இவ்விதி எழுந்ததற்கு முன் அவ்வூர் அவையில் கடும் பிளவுகள் நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற ஊகம் தவிர்க்கவியலாதது. நிகழாத ஒன்றுக்கு எவரும் ஐந்து காசு விலை வைப்பதில்லை. அப்பிளவுகளின் பொருள் என்ன, மறுத்தவர் எவர் என்பன கல்லில் இல்லை. மறுப்பு என்பது அங்கே குற்றமாக மட்டுமே பதிவாகியிருக்கிறது.

உத்திரமேரூரில் எழுதியவர்

மானூருக்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேல் பிந்திய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் முதற்பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, கி.பி. 919, 921 எனக் கணிக்கப்படுகின்றன. குடவோலை முறை பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதனை இங்கு மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. கூட்டக் குறிப்பு என்ற நோக்கில் மூன்று செய்திகள் போதும்.

ஒன்று, பதிவின் உறுப்புகள். அரசன் பெயர், ஆட்சியாண்டு, கூடிய அவை, உடனிருந்த அரச அலுவலர், செய்த முடிவு என வரிசையாகச் சொல்லி, சபையார் பணிக்க எழுதியவன் ஊர் மத்தியஸ்தன் என அவன் பெயரோடு முடிகிறது. இன்றைய நடவடிக்கைக் குறிப்பில் நாள், இடம், தலைமை, வருகை, தீர்மானம், எழுதியவர் கையொப்பம் என நாம் கேட்கும் கூறுகளுள் பெரும்பாலானவை அங்கே உள்ளன. மத்தியஸ்தன் என்ற பெயரும் கருதத்தக்கது. எழுதுபவன் எப்பக்கமும் சாராது நடுவில் நிற்பவன் என்ற எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே இருக்கிறது. குடத்திலிருந்து எடுத்த ஓலையை அவன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும் என்ற விதி, அந்த எதிர்பார்ப்பை அனைவரும் காணும் செயலாக்கியது. வாசித்ததோடு முடியவில்லை, உடனிருந்த நம்பிமாரும் அவ்வோலையை வாசித்த பின்னரே பெயர் எழுதிக்கொள்ளப்பட்டது.

இரண்டு, திருத்தம். 919இல் செய்த ஏற்பாடு இரண்டே ஆண்டில் மாற்றப்பட்டு விரிவான விதிகள் வந்தன. உறுப்பினர் வயது 30-60 என்பது 35-70 ஆயிற்று. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். முதல் ஏற்பாட்டில் என்ன கெட்டது, யார் முறையிட்டார் என்பதற்கு விடையில்லை. இரண்டு பதிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே அவ்விரண்டு ஆண்டுப் பூசலுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி.

மூன்று, எல்லை. மானூர், உத்திரமேரூர் இரண்டும் பிரமதேயச் சபைகள். நிலமும் கல்வியும் உடைய ஆடவரே உள்ளே இருந்தனர். பெண்களும் உழுகுடிகளும் வெளியே நின்றனர். இதனை மறந்து இக்கல்வெட்டுகளை இன்றைய மக்களாட்சியின் தாயென்று மேடைதோறும் முழங்குவது வரலாறு ஆகாது.

செய்ததும் சொன்னதும்

அமெரிக்கரான ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்டவிதி நூல் உலகெங்கும் சங்கங்களுக்கு வழிகாட்டியாயிற்று. நடவடிக்கைக் குறிப்பில் எழுதத்தக்கது அவை செய்தது, உறுப்பினர் பேசியது அன்று என்பது அம்மரபின் அடிப்படை. நம் சபைக் கல்வெட்டுகளும் அவ்வாறே செய்ததை மட்டும் வைத்தன. கல்லில் வெட்டுவதன் செலவும் உழைப்பும் ஒரு காரணமாகலாம். ஓலையில் இதைவிட விரிவான குறிப்புகள் இருந்து அழிந்திருக்கவும் கூடும்.

ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடுண்டு. ராபர்ட்டின் மரபில் பேச்சு விலக்கப்பட்டாலும், வாக்கு எண்ணப்பட்டால் ஏற்றோர் தொகையும் மறுத்தோர் தொகையும் எழுதப்படும். மறுப்பு அங்கே எண்ணாக எஞ்சுகிறது. நம் ஊராட்சிப் பதிவேடுகள் சொன்னதை விட்டுவிடுவதில் மேலைமரபையும், எண்ணிக்கையை ‘ஒருமனது’ என்ற சொல்லுக்குள் மறைப்பதில் கல்வெட்டு மரபையும் பின்பற்றுகின்றன எனத் தோன்றுகிறது.

மலையூர்க் கிராமசபை

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ், வாக்காளர் பட்டியலிலுள்ள அனைவரும் கிராமசபை உறுப்பினர். மானூரின் பங்குத் தகுதியும் கல்வித் தகுதியும் இங்கில்லை. குறைவெண் வரம்பு மக்கள்தொகைக்கேற்ப 50, 100, 200, 300 என அமைகிறது. சமவெளியில் இது பெரிய தடையன்று. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலையில், கூட்டம் நடக்கும் இடத்திற்கு இறங்கிவர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் அந்த இழப்பு சிறிதன்று. எனவே கையெழுத்துத் தாள் குடியிருப்புக்குச் செல்வதும் உண்டு. ஆள் கூட்டத்திற்கு வருவதில்லை.

வன உரிமைக்கான கிராமசபைக்கு விதி மேலும் கடுமையானது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் வந்திருக்க வேண்டும். வந்தோருள் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாதல் வேண்டும். கோரிக்கைகள் பற்றிய தீர்மானமாயின் கோரிக்கையாளர் அல்லது அவர்தம் சார்பாளருள் பாதிப்பேரேனும் இருத்தல் வேண்டும். முடிவு, வந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால் அமையும். ஒருமனது என்பதைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றை எழுதுபவர் தாமே சேர்க்கிறார். பெரும்பாலும் தீய எண்ணத்தால் அன்று, முந்தைய பக்கத்தில் அவ்வாறு இருந்ததாலேயே சேர்க்கிறார்.

அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, கிராமசபைத் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் உட்கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம் என்கிறது. மலைக்குடியிருப்பிலிருந்து வந்து, தன் கோரிக்கை தள்ளப்பட்டதைக் கேட்டு ‘இது சரியில்லை’ எனச் சொல்லிவிட்டுப் போன பெண்ணொருத்தி அக்குழுவின் முன் நிற்பதாகக் கொள்வோம். கூட்டம் தொடங்குமுன் வருகைக்காக அவள் வைத்த கைந்நாட்டு பதிவேட்டில் இருக்கிறது. அதன் மேல் ‘ஒருமனதாக’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அவள் மறுத்தாள் என்பதற்கு எழுத்தில் வேறெதுவும் இல்லை.