சங்கங்கள் வளர்த்த சர்வகலாசாலை

கோணேசப் பெருமான் குடிகொண்ட மலையின் அடிவாரத்திலே பிறந்து வளர்ந்த நாம், நமது துறைமுகத்தின் பெருமையைப் பேசுவதில் என்றும் பின்னின்றவர்கள் அல்லர். 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசியதையும், 1957 இல் ஆங்கிலேயக் கடற்படை இத்துறையை விட்டு அகன்றதையும் முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். ஆயினும், இத்துறையூரை விட்டுக் கல்வியைத் தேடிச் சென்றவர்களின் வரலாற்றையும், அக்கல்வி நம் வாயிலுக்கே வந்து சேர்ந்த வரலாற்றையும் நாம் அத்துணை பேசுவதில்லை. இன்று நிலாவெளிப் பக்கத்திலே, கோணேசபுரியிலே, ஒரு பல்கலைக்கழக வளாகம் இயங்குகின்றது. அது எவ்வழியே வந்தது, அதனை இனி வளர்க்க வேண்டியவர் யாவர் என்பதை இம்மலரிலே சிறிது சிந்திப்போம்.

கடல் கடந்து தேடிய கல்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கையில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்ததில்லை. பட்டம் பெற விரும்பியவர் பாரதத்தையே நோக்கினர். 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவரான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. நமது திருகோணமலையும் இதிற் பின்தங்கவில்லை. தி. த. கனகசுந்தரம்பிள்ளை, தி. த. சரவணமுத்துப்பிள்ளை என்னும் உடன்பிறந்தார் இருவரும் இவ்வூரிலிருந்தே சென்னை சென்றனர். தமையனார் தமிழ் நூல்களை ஆராய்ந்து புகழ் பெற்றார். தம்பியார் சென்னையிலே நூலகப் பணியில் இருந்துகொண்டே 1895 இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை வெளியிட்டார்.

இவர்களால் நம் ஊருக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒரு குறையும் உண்டு. அவர்தம் அறிவு விளைந்த நிலம் சென்னையாயிற்று. அவர்களைச் சூழ்ந்திருந்து கேட்டுப் பயன் பெற்றவர்களும் சென்னையாரே. ஊரிலே விளைந்த முத்து வேற்றூர்ச் சந்தையை அலங்கரித்தது போல் ஆயிற்று. கல்விக்கூடம் ஊரில் இல்லாதபோது அறிஞர் மட்டுமன்றி, அறிஞரைச் சுற்றி வளர வேண்டிய கூட்டமும் ஊருக்கு இல்லாமற் போகின்றது.

கேட்டுப் பெற்ற கழகம்

இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்ற குரல் ஒரு சங்கத்திலிருந்தே எழுந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலிய பெரியோர் 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்தனர். அவர்தம் இடையறாத முயற்சியின் பயனாக 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கு கற்றவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத் தேர்வுகளுக்கே தோற்றினர். நம் துறைமுகத்திற் குண்டு விழுந்த அதே 1942 இல், யூலை மாதம் முதலாந் திகதி, அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. சங்கம் தோன்றிய நாளிலிருந்து கழகம் தோன்றிய நாள் வரை கழிந்தவை 36 ஆண்டுகள். சங்கம் கண்டோருட் பலர் அந்நாளைக் காண உயிரோடிருக்கவில்லை. அருணாசலமவர்கள் 1924 இலேயே மறைந்தார். பயனைத் தாம் காணோம் என்று அறிந்தும் விதை இட்டவர்கள் அவர்கள். சங்கப் பணி என்றால் என்ன என்று வினவும் இளைஞருக்கு இதனினும் சிறந்த விடை வேறு வேண்டுவதில்லை.

அடிகளார் காட்டிய வழி

இந்த வரலாற்றில் நம் ஊருக்கு நேர் உறவுடையவர் விபுலானந்த அடிகளார். காரைதீவிலே 1892 இற் பிறந்து, விஞ்ஞானத்தில் லண்டன் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்று, 1924 இல் துறவு பூண்டவர். இலங்கைக்கு மீண்ட பின் இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பேணும் பொறுப்பை ஏற்று, நமது இந்துக் கல்லூரியையும் வளர்த்தார். மாணவரோடு மாணவராய்ப் பழகிய அவர், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். நம் கல்லூரியின் வகுப்பறையிலிருந்து பல்கலைக்கழகப் பீடம் வரை சென்ற வழி அது.

அவர் தம் வாழ்நாள் ஆராய்ச்சியின் பயனாகிய 'யாழ் நூல்' 1947 இலே வெளிவந்தது. அதனை வெளியிட்டதும் ஒரு சங்கமே. கரந்தைத் தமிழ்ச் சங்கம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றியது. பேராசிரியர் ஆராய்ந்தார், சங்கம் தாங்கியது, கோயில் அவையாயிற்று. இம்மூன்றும் கூடிய இடத்திலேதான் கல்வி ஊருக்கு உரியதாகின்றது.

பேராதனையிற் கூடிய கூட்டம்

1952 இலே பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயரத் தொடங்கியது. முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை மாணவர் உடனுறைந்து கற்கும் இடமாக அமைக்க விழைந்தார். கடற்கரையிலே வளர்ந்த பிள்ளைகள் மலைநாட்டுக் குளிரிலே, பெற்றோரும் உற்றாரும் இல்லாத விடுதிகளிலே வாழ வேண்டியவராயினர். அவர்களை ஒரு குடும்பமாக்கியவை மாணவர் சங்கங்களே. தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' என்னும் ஆண்டு மலரை வெளியிட்டது. இந்து மாணவர் சங்கத்தினரும் ஆசிரியரும் சேர்ந்து முயன்று, வளாகத்தின் குன்றிலே குறிஞ்சிக்குமரன் கோயிலை எழுப்பினர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஊர்ப் பேச்சிலேயே நாடகங்கள் எழுத, மாணவர் அவற்றை மேடையேற்றினர். வகுப்பிலே எட்ட நின்ற ஆசிரியரும் மாணாக்கரும் ஒத்திகைக் கொட்டகையிலே ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர்.

இதனினும் பெரியதொரு காரியமும் அங்கு நடந்தது. 1956 இல் பேராசிரியர் சரச்சந்திர சிங்கள நாடகம் என்னும் கிராமிய ஆட்டத்தைத் தழுவி 'மனமே' நாடகத்தை அரங்கேற்றினார். தமிழ்த் துறையைச் சேர்ந்த சு. வித்தியானந்தன் நம் கிழக்கு மாகாணக் கூத்தின்பால் கருத்தைச் செலுத்தி, 1962 இல் 'கர்ணன் போர்', 1963 இல் 'நொண்டி நாடகம்', 1964 இல் 'இராவணேசன்' ஆகியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். மாணவருக்கு ஆட்டம் பழக்க அழைக்கப்பட்டவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். கழகத்துப் பட்டம் ஏதும் பெறாத கிராமத்துக் கலைஞர் ஒருவர் முன்னே, பட்டப் படிப்பு மாணவர் கைகட்டி நின்று தாளம் கற்றனர். அந்நாளிலே பல்கலைக்கழகம் ஊருக்குப் போதிக்கவில்லை, ஊரிடம் கற்றது. அதனாற் கழகத்தின் மதிப்புக் குறையவில்லை. இரவு முழுதும் வட்டக்களரியில் ஆடப்பெற்ற கூத்து நாடறிந்த கலையாயிற்று.

காலத்தின் விந்தையைப் பாருங்கள். அதே வந்தாறுமூலையிலேதான் 1981 ஆகஸ்ட் மாதம் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அண்ணாவியாரின் ஊரைத் தேடிக் கழகமே வந்து சேர்ந்தது.

நம் வாயிலுக்கு வந்த வளாகம்

நமது ஊரில் 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 2001 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாயிற்று. போர் ஓயாத காலத்தில் முளைத்து, துன்பங்களுக்கிடையே வேரூன்றிய பயிர் அது. முகாமைத்துவம், தொடர்பாடல், கணினி முதலிய புதிய துறைகளோடு நம் முன்னோரின் சித்த மருத்துவமும் அங்கு கற்பிக்கப்படுகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாய், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். சரவணமுத்துப்பிள்ளை கடல் கடந்து தேடியது இன்று பஸ் ஏறிச் செல்லும் தூரத்திலே இருக்கின்றது.

ஆனால் அன்பர்களே, வளாகம் வந்துவிட்டது என்பதால் மட்டும் அது நமதாகிவிடுமா? பரீட்சைக்கு வந்து, அறை எடுத்துத் தங்கி, பட்டம் பெற்றதும் ஊரின் பெயரன்றி வேறொன்றும் அறியாமல் ஒரு மாணவர் திரும்புவாராயின், அந்த இழப்பு அவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அன்று அறிஞர் ஊரை விட்டுச் சென்றதால் நாம் இழந்தோம். இன்று அறிஞர் ஊருக்குள் இருந்தும் இழப்போமானால் அதற்கு யாரை நோவது?

ஆதலின் இளைஞர் முன்வந்து செய்யக் கூடியவை சிலவற்றை இங்கு கூறுகின்றோம். பூரணை விடுமுறை தோறும் விரிவுரையாளர் ஒருவரை அழைத்து, அவர் துறையை எளிய தமிழிலே சொல்லக் கேட்கலாம். அவ்வாறே கடல் நீரோட்டம் அறிந்த மீனவப் பெரியாரையும், மூலிகை அறிந்த பரியாரியாரையும், தம்பலகாமத்து வயலறிந்த கமக்காரரையும் மாணவர் முன் அமர்த்தலாம். பழைய ஏடுகளும் கோயிற் கணக்குகளும் எந்த வீட்டுப் பரணில் இருந்தாலும், வீட்டார் சம்மதத்தோடு மாணவர் படியெடுத்துக் காக்க உதவலாம். தூர ஊரிலிருந்து வந்த பிள்ளைகளைப் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நம் வீட்டுப் பந்திக்கு அழைக்கலாம். அவர்கள் எம்மொழி பேசினும் எம்மதத்தவராயினும் விருந்தினரே. முதியோர் தம் நினைவிலுள்ள ஊர் வரலாற்றை இளைஞருக்குச் சொல்லி எழுதுவிக்கலாம். இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை. மனமும் மாலை வேளையும் போதும்.

அருணாசலமவர்கள் சங்கம் கண்டார், கழகம் பிறந்தது. அடிகளார் பள்ளியை வளர்த்தார். பேராசிரியர் பீடம் அவரைத் தேடி வந்தது. அண்ணாவியார் கற்றுக்கொடுத்தார், கூத்து உயிர்த்தது. நமக்கு வாய்த்த பணி இவற்றினும் எளியது. கழகம் முன்னரே வந்திருக்கின்றது. அதனை நம் வீட்டுக் கூடம் வரை அழைத்து வருவதே எஞ்சியிருக்கின்றது. அடுத்த ஆண்டு மலரிலே அம்மாணவர் கட்டுரைகளும் நம் முதியோர் நினைவுகளும் அருகருகே இடம்பெறுமாக. அதற்குக் கோணேசப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.